பட்டினித் தண்ணீர்

அருப்புக்கோட்டையில் போர் போட்டால் பாதி வீடுகளில் உப்புத் தண்ணீர்தான் வரும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கிற தண்ணீருக்குக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அது நகர்கிறதா என்று வாசலைப் பார்த்தபடியே சமைக்கிற ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில், உப்புத் தண்ணீரை வெளியூரிலிருந்து வரவழைத்து நடுவீட்டில் வைத்திருந்தவர்கள் நாங்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இன்றைக்கும் தெருவில் யாராவது என்னைத் தேடி வந்தால், "கடல் தண்ணி வீட்டம்மாவா? அந்தா, அந்த வீடு" என்றுதான் கை காட்டுகிறார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்ததில் ஆரம்பித்தது.

அவர் நூல் மில்லில் பிட்டராக இருந்தவர். எந்த மோட்டாரைக் கொடுத்தாலும் காதை வைத்துக் கேட்டே என்ன நோய் என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் மில் கேட்டைப் பூட்டினார்கள். இந்த வாரம் திறப்பார்கள், அடுத்த வாரம் திறப்பார்கள் என்று கொஞ்ச நாள் சட்டையை மாட்டிக்கொண்டு போய் வந்தார். அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டுவிட்டு, கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டார். சுவரில் ஒன்றுமே இல்லை. நானும் போய்ப் பலமுறை பார்த்துவிட்டேன்.

என்ன கேட்டாலும் "ம்" என்பார். காப்பி வேணுமா, ம். வெயில் ஜாஸ்தியா இருக்கே, ம். ஒரு நாள் சோதித்துப் பார்ப்போம் என்று, "குழம்புல பல்லி விழுந்துருச்சுங்க" என்றேன். அதற்கும் "ம்". "உங்க அக்கா பஸ்ஸ விட்டு இறங்கி வந்துக்கிட்டு இருக்காக" என்றேன். அதற்கு மட்டும் எழுந்து உட்கார்ந்தார். பொய் என்று தெரிந்ததும் மறுபடியும் சுவர்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குச் சிரிப்பே வரவில்லை. வேலை போனதை நான் பொறுத்துக்கொண்டேன். நாலு எருமை வைத்துப் பால் ஊற்றினேன், வீடு ஓடியது. ஆனால் அந்த மனுஷர் பேச்சை நிறுத்தியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து என்னோடு சண்டை போட்டு ஒரு நாள்கூட ஜெயிக்காதவர், சண்டைக்கே வர மாட்டேன் என்றால் எப்படி?

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி லீவில் வந்தான். கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை அவனுக்கு. எங்கெங்கோ ஊர் சுற்றிவிட்டு மூன்று மாத லீவில் எங்கள் வீட்டில் வந்து இறங்குவான். வழக்கமாக எனக்கு சென்ட் பாட்டில் கொண்டுவருவான். அந்தத் தடவை ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கொண்டுவந்தான். வழவழவென்று பளபளக்கிற தாள். உள்ளே பூராவும் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் கடல். கடலுக்குள் பாறை, பாறைமேல் பூ மாதிரி பவளப்பூச்சிகள், நடுவே ஆரஞ்சு மீன்கள்.

தம்பி கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் மெதுவாகத் திரும்பினார். ஒரு படத்தைக் காட்டி, "மாப்ளே, இந்தக் குழாய் எத்தனை இஞ்ச் இருக்கும்?" என்றார்.

நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டேன். ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

ஒரு வாரத்தில் வீடு பட்டறையாகிவிட்டது. கண்ணாடி வந்தது, பசை வந்தது, இரண்டு தொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் முளைத்தன. எதற்கு இரண்டு என்று அப்புறம் சொல்கிறேன். கடல் தண்ணீருக்குப் பந்தல்குடி லாரி டிரைவர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வருகிறவர். வரும்போது கேன்களில் கடல் தண்ணீரும் நிரப்பி வந்து, அவர் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிடுவார். அதை பஸ் டாப்பில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவருவது என் வீட்டுக்காரர் வேலை. முதல் தடவை நானும் போயிருந்தேன்.

"என்ன லோடு பெருசு?" என்றார் கண்டக்டர்.

"தண்ணி."

"இந்தப் பக்கம் ஏதுய்யா தண்ணி? நல்ல தண்ணியா?"

"உப்புத் தண்ணி."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, இவுகளுக்கு உடம்புக்கு எதும் செய்யுதா?"

"இப்பத்தான் கொஞ்சம் தேவல" என்றேன்.

தெருவிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டு மதினி திருச்சுழிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். மழை பொய்த்தால் காட்டையும் வானத்தையும் மாறி மாறித் திட்டுகிற ஆள். கேன்களை இறக்குவதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றது. "ஏன் மதினி, உப்புத் தண்ணிதான் வேணும்னா எங்க போர்லருந்து ஒரு டியூபு போட்டு விட்டிருப்பமே. லாரி எதுக்கு?"

பவளம் எங்கிருந்து வந்தது? தம்பிக்குத் தெரிந்த மீன்காரர் ஒருவர் வலையில் ஒரு கல் மாட்டியிருந்தது. இன்றைக்கு அதைத் தொட்டாலே கேஸ். அன்றைக்குக் கரையில் எறிந்துவிட்டுப் போவார்கள். முலாம்பழம் அளவுக்கு இருந்த அந்தக் கல்லின் மேலெல்லாம் பொட்டுப் பொட்டாக உயிர். தண்ணீரில் வைத்துக் கொஞ்ச நேரம் போனால் ஒவ்வொரு பொட்டிலிருந்தும் குட்டிக் குட்டி விரல்கள் நீண்டு, கல்லே பூத்துவிடும். சத்தம் போட்டால் சடக்கென்று உள்ளே போய்விடும். எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. எங்கள் தெருவில் கூச்சப்படுகிற ஜீவன் அது ஒன்றுதான்.

தம்பி எனக்கு விளக்கம் சொன்னான். "அக்கா, இதுக வாழ்ற கடல்ல தண்ணிக்குள்ள சத்தே இருக்காது. கண்ணாடி மாதிரி பட்டினித் தண்ணி. சத்து கூடிப்போச்சுன்னா பாசி புடிச்சு இதை மூடிரும், செத்துப்போகும்."

"அப்ப இது என்னத்தலே திங்கும்?"

"முக்காவாசி வெளிச்சத்தத்தான் திங்கும்."

"வெளிச்சம் போதும்னா, உங்க மச்சானுக்கும் ஒரு லைட்டப் போட்டுட்டு நான் அடுப்ப அணைச்சுருவேனே."

சிக்கல், அந்த மீன்காரரே கல்லோடு கொடுத்த நாலு ஆரஞ்சு மீனில்தான் இருக்கிறது. மீன் தின்னும், தின்றால் கழியும். அந்த அழுக்குதான் தண்ணீருக்குச் சத்து. அதை எப்படி வெளியே எடுப்பது என்பதில்தான் மச்சானும் மாப்பிள்ளையும் இரண்டாகப் பிரிந்தார்கள். புத்தகத்தில் இரண்டு வழி போட்டிருந்தது. ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் இரண்டு தொட்டி.

என் வீட்டுக்காரருடையது நுரைக்குழாய். என் கை கனத்துக்கு ஒரு பிவிசி குழாயை நட்டமாக நிறுத்தி, அடியிலிருந்து காற்றை மாவு மாதிரி பொடிக் குமிழாக விடுவது. அழுக்கெல்லாம் குமிழில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, நுரையாகப் பொங்கி ஒரு கிண்ணத்தில் விழும். கருப்புக் காப்பி மாதிரி இருக்கும், மணம்தான் காப்பி மாதிரி இருக்காது. குமிழ் பொடியாக வர ஏதோ வெளிநாட்டு மரக்கட்டை வேண்டுமாம். இவர் வேம்பைச் செதுக்கிப் பார்த்தார், முருங்கையைச் செதுக்கிப் பார்த்தார். ஒன்று ஊதவில்லை, ஒன்று ஊறி அழுகியது. கடைசியில் பிரம்பு சரியாக இருந்தது. பிரம்புக்குள் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் மயிரிழை மாதிரி ஓட்டைகள். அது எந்தப் பிரம்பு என்று கேளுங்கள். எங்கள் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த பிரம்பு நாற்காலியின் கால்.

"நாலுல ஒண்ணுதான எடுத்தேன்" என்றார்.

அன்றிலிருந்து என் நாற்காலியும் சுவரில் சாய்ந்து நின்றது.

தம்பியுடையது பாசித்தட்டு. ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஜன்னல் கொசுவலையை விரித்து, தொட்டித் தண்ணீரை ஏர்கூலர் மோட்டாரால் அதன்மேல் ஓடவிட்டு, மேலே டியூப்லைட். வலையில் பச்சைப் பாசி வளரும். தொட்டியில் வளர வேண்டிய பாசி தட்டிலே வளர்ந்து, சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். வாரம் ஒரு தடவை சுரண்டி எறிந்துவிட வேண்டியது.

மதினி அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டது. "எங்க கரிசக்காட்டுல ஒரு புல்லு இல்ல. உங்க வீட்டுல டியூப்லைட்டுக்குக் கீழ வெள்ளாமை நடக்குது."

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்ததாம். தொட்டியில் சொட்டுச் சாராயம் விட்டால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைக் குடித்துவிட்டுப் பெருகி அழுக்கைத் தின்னும் என்று யாரோ கப்பலில் சொன்னார்களாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஏலே, ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போற வீடு. திடீர்னு ஐயர் ஜெபம் பண்ண வந்தாருன்னா, பாட்டில் எங்களுக்கு இல்ல, மீனுக்குன்னு சொன்னா நம்புவாரா?" எங்கள் சபைப் போதகரைத்தான் நாங்கள் ஐயர் என்போம். அவருக்குப் பயந்து நான் வெற்றிலைப் பெட்டியையே அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தவள்.

அந்த வெற்றிலைப் பெட்டிதான் அவர்களைக் காப்பாற்றியது. பவளம் தன் கல்லைத் தானே கட்டிக்கொள்ள சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதற்கு ஒரு மாவு இருக்கிறது, ஜெர்மனிக்காரன் போடுகிறான், நம் ஊரில் கிடைக்காது என்று இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அந்த மாவைப் பற்றி வாசித்து வாசித்துச் சொல்லச் சொல்ல, எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே போய் என் சுண்ணாம்பு டப்பியை எடுத்துவந்து முன்னால் வைத்தேன். சிப்பியைச் சுட்டு எடுத்த சுத்தமான சுண்ணாம்பு.

"இதத்தான நல்ல தண்ணில கலக்கித் தெளிய விட்டு எடுக்கச் சொல்லுது?"

தம்பி புத்தகத்தைப் பார்த்தான், டப்பியைப் பார்த்தான். "ஆமாக்கா."

"இதுக்கா ஜெர்மனிக்குப் போனீக? நான் தெனமும் நாக்குல தடவுறேன்."

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் மீன் செத்துவிடும், சொட்டுச் சொட்டாகத்தான் இறங்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் இரண்டு வாங்கி, பாட்டிலை ஆணியில் தொங்கவிட்டார்கள். மதினி எட்டிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே சொல்லிவிட்டது. சாயங்காலம் நாலு பேர் மீனுக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க வந்தார்கள்.

கல்லை உளி வைத்து இரண்டாகப் பிளந்து, தொட்டிக்குப் பாதி. ஆரஞ்சு மீன் ஆளுக்கு இரண்டு. தம்பி பந்தயம் வைத்தான். அவன் லீவு முடிந்து போகிற அன்றைக்கு யார் தொட்டியில் பவளம் நன்றாக இருக்கிறதோ, அந்தத் தொட்டி நிற்கும். மற்றதைப் பிரித்துவிட வேண்டும். இரண்டும் செத்துவிட்டால் இரண்டையும் பிரித்துவிட்டு அக்காவுக்கு நடுவீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தம்பிக்கு அது விளையாட்டு. அவன் கப்பலேறிப் போய்விடுவான். இவருக்கு அப்படியில்லை. அந்தக் குழாய் பிரிந்தால் மனுஷர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமைதான் கணக்குப் பார்க்கிற நாள். இவர் நுரைக்கிண்ணத்தைக் கழற்றுவார், அவன் பாசியைச் சுரண்டுவான். யார் அதிக அழுக்கு எடுத்தார்களோ அவர்கள் மிஷின் கெட்டி. முதல் சனிக்கிழமை தம்பியின் தட்டில் ஒரு கை நிறையப் பாசி. இவர் கிண்ணத்தில் நாலு ஸ்பூன் வெளுத்த தண்ணீர்.

"என்ன மச்சான், காப்பி பத்தல போலருக்கே" என்றான் தம்பி.

இவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். போய்க் கட்டிலில் படுத்தார். சுவர்ப் பக்கம்.

நான் என்ன செய்வேன்? அடுப்படியில் நெத்திலிக் கருவாடு இருந்தது. வெறும் சட்டியில் வறுத்து, அம்மியில் வைத்து மையாகப் பொடி செய்தேன். மத்தியானம் இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனதும், இவர் தொட்டியில் ஒரு கிள்ளுப் போட்டேன். மீன்கள் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தின்றன. நாலு நாளில் குழாயில் நுரை பழுப்பாகப் பொங்கிற்று. அடுத்த சனிக்கிழமை கிண்ணம் நிரம்பிக் கருகருவென்று இருந்தது. இவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, கோயிலில் காணிக்கைத் தட்டு தூக்குகிறவர் மாதிரி நடந்து வந்தார். அன்றைக்கு ராகம் போட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்.

இப்போது தம்பி முகம் சுண்டிவிட்டது. என் கூடப் பிறந்தவன், ஒரே தம்பி. அவன் தொட்டியிலும் ஒரு கிள்ளுப் போட்டேன். நான் பாரபட்சம் பார்க்கிறவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

உண்மையைச் சொன்னால், மிஷினுக்காக மட்டும் நான் போடவில்லை. அந்த இரண்டு பேரும் மீனுக்குத் தீனி போடுகிற அழகைப் பார்த்திருக்கிறேன். எண்ணி நாலு மணி போடுவார்கள், மருந்து மாதிரி. தண்ணீர் பட்டினியாக இருக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் வாசலில் வந்து நின்ற நாய்க்கு ஒரு பிடி போடாமல் யாரும் கை நனைக்க மாட்டோம். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் நாலு மீனும் கண்ணாடியில் வாயை வைத்து வாயைத் திறந்து திறந்து மூடும். நாங்கள் கண்ணை மூடி ஜெபம் பண்ணினால், அதுகள் கண்ணை மூடாமல் தட்டையே பார்க்கும். எனக்குச் சோறு எப்படி இறங்கும்? பெரியவர்கள் காலத்துப் பஞ்சத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் வீட்டுக்குள் ஒரு உயிரைக் கணக்குப் போட்டுப் பட்டினி போட எனக்குக் கை வரவில்லை. போதாததற்கு மதினி தினமும் மடியில் பொரியோடு வரும். "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிறேன் மதினி" என்று ஒரு கை அள்ளிப் போடும். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன்.

இப்படியே இரண்டாம் மாதம் பிறந்தது. சனிக்கிழமைகள் திருவிழாவாகிவிட்டன. கிண்ணம் வழிந்தது, தட்டில் பாசி ஆட்டுக்குப் போடலாம் போல வளர்ந்தது. இரண்டு பேரும் தத்தம் மிஷினைத் தட்டிக்கொடுத்தார்கள். ஆனால் பவளம் மட்டும் மூடிக்கொண்டே வந்தது. முதலில் சாயங்காலம் மட்டும் பூத்தது. அப்புறம் அதுவும் இல்லை. கல் ஓரமெல்லாம் பழுப்பு மயிர் மாதிரி பாசி இறங்கிற்று. தம்பி ஒரு சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்து சொட்டி, அழுக்கு எவ்வளவு என்று நிறம் பார்ப்பான். வெளுத்திருக்க வேண்டிய தண்ணீர் வாரத்துக்கு வாரம் செக்கச் செவேலென்று ஆனது, நன்னாரி சர்பத் மாதிரி.

"இம்புட்டு அழுக்கு எடுக்கேன், பெறகும் எங்கருந்து வருது?" என்றார் இவர்.

"உங்க குழாய் பத்தல மச்சான்."

"ஒன் தட்டு மட்டும் பத்துதாக்கும்? அங்கயும் செவப்பாத்தான இருக்கு."

இவர் இரண்டாவது குழாய் கட்டினார். என் நாற்காலிக்கு இரண்டாவது காலும் போயிற்று. அவன் இன்னொரு தட்டு வைத்தான். லாரி டிரைவர் அசுத்தமான இடத்தில் தண்ணீர் மோந்துவிட்டார் என்றார்கள். என் அடுப்புப் புகை என்றார்கள். என் சுண்ணாம்பில் கலப்படம் என்று சொன்னபோது மட்டும் நான் சண்டைக்குப் போனேன். என் கருவாட்டுத் தூளின்மேல் எனக்கே சந்தேகம் வரவில்லை. தின்றுவிட்டுத் தெம்பாக இருக்கிற மீனைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

அந்த நேரத்தில் மல்லாங்கிணற்றில் சித்தி மகளுக்குப் பிரசவம். துணைக்கு ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். எருமைகளை மதினியிடம் ஒப்படைத்துவிட்டு நான் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்தேன். நான் வீட்டில் இல்லாததால் மதினியும் தொழுவத்தோடு திரும்பிவிட்டிருக்கிறது, வீட்டுக்குள் வரவில்லை.

திரும்பி வந்த அன்று வீட்டுக்குள் காலை வைத்தேன். சாவு வீடு மாதிரி இருந்தது. தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இவர் தொட்டிக்கு அடியில் வாளியை வைத்து, கையில் ரப்பர் டியூபோடு குனிந்திருந்தார். குழாயைக் கழற்றிக் கீழே படுக்கப் போட்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"மிஷினு செத்துப்போச்சுக்கா" என்றான் தம்பி. "எனக்கும்தான். ஒரு வாரமா தட்டுல பாசி வளரவே இல்ல, வெளுத்துப்போச்சு. மச்சான் கிண்ணத்துல ஒரு சொட்டு நுரை இல்ல. மோட்டார மாத்தியாச்சு, பிரம்ப மாத்தியாச்சு."

மூன்றாவது காலா என்று நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். ஆமாம்.

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "மாப்ள ஜெயிச்சதா வச்சுக்கிறட்டும். நான் பிரிச்சுறேன். வீடு ஒனக்கு எடஞ்சலா இருக்குல்ல" என்றார். குரல் பழைய "ம்" மாதிரி கீழே இறங்கிக் கிடந்தது. டியூபை வாயில் வைத்து உறிஞ்சப் போனார்.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் தொட்டியைப் பார்த்தேன்.

கல் பூத்திருந்தது. ஒரு பொட்டு பாக்கியில்லாமல் அத்தனையும் விரல் நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. பழுப்பு மயிரெல்லாம் உதிர்ந்து, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தெளிவு. பக்கத்துத் தொட்டியைப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. இரண்டு பேரும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்ததில் பவளத்தைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் என்ன இல்லை என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். நான் இல்லை. என் கருவாட்டுத் தூள் இல்லை.

ஓடிப்போய் டியூபைப் பிடுங்கினேன். "நிப்பாட்டுங்க. மிஷினு சாகல. அதுக்குத் தீனி இல்ல, அம்புட்டுத்தான்."

"என்ன தீனி?"

அரிசி டின்னைத் திறந்து, வெற்றிலைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தேன். அடியில் இரண்டு விரல்கடை நெத்திலித் தூள் மிச்சம் இருந்தது. தம்பி மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் விழுந்து உருண்டு சிரிக்க ஆரம்பித்தான். "அக்கா, தண்ணியப் பட்டினி போடச் சொன்னா, நீ பந்தி வச்சிருக்கியே!"

இவர் சிரிக்கவில்லை. "எத்தன நாளா?"

"ரெண்டாவது வாரத்துலருந்து."

"நான் ஜெயிச்ச சனிக்கிழமையெல்லாம்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். "நான் கூடக் கொஞ்சம் போட்ட சனிக்கிழமை" என்றேன். "நீங்க மறுபடியும் செவத்தப் பாத்துப் படுத்துட்டீக. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

அவர் எழுந்தார். கட்டிலைப் பார்த்துத்தான் நடந்தார். போச்சு என்று நினைத்தேன். ஆனால் கட்டில்மேல் கிடந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, தொட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். விரலை நீட்டி ஒவ்வொரு பூவாக எண்ணினார். தன் பாதிக் கல்லை எண்ணி முடித்துவிட்டு, தம்பியின் பாதிக் கல்லுக்கு நகர்ந்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. தம்பிகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"மாப்ளே, ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றார். "கொழாயும் நல்ல கொழாய்தான். தட்டும் நல்ல தட்டுதான். உங்க அக்காவுக்குத்தான் மூடி போடணும்."

"எனக்கா, தொட்டிக்கா?" என்றேன்.

"ரெண்டுக்கும்" என்றார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. என்னோடு வாழ்ந்த காலத்தில் அவர் ஜெயித்த ஒரே சண்டை அதுதான். அதையும் நான்தான் கொடுத்தேன்.

பந்தயம் செல்லாமல் போயிற்று. ஒரு தொட்டியையும் பிரிக்கவில்லை. தம்பி கப்பலுக்குப் போவதற்குள், இரண்டு தொட்டிக்கும் நடுவே ஒரு குழாயைப் போட்டு ஒரே தண்ணீராக ஆக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் நுரை, ஒரு பக்கம் பாசி, ஆணியில் என் சுண்ணாம்பு. இவர் மரச்சட்டத்தில் வலை அடித்து மூடி செய்து, அதற்குப் பூட்டும் போட்டார். சாவியைத் தம்பியிடம் கொடுப்பார் என்று பார்த்தேன், அவன்தான் போகிறானே. தன் இடுப்பில் செருகிக்கொள்வார் என்று பார்த்தேன். என் கையில் வைத்தார்.

"எங்கிட்டயா?"

"அதுக மூஞ்சியப் பாத்துட்டு ஒன்னால போடாம இருக்க முடியாது. பூட்டியிருந்தா மூடியப் பேத்துட்டுப் போடுவ. அதுக்கு நீயே போடு. ஒரு நாளைக்கு ஒரு கிள்ளு, பொடிக் கிள்ளு. நான் கிண்ணத்தப் பாப்பேன், எனக்குத் தெரிஞ்சுபோகும்."

அந்தச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். தினமும் ஒரு கிள்ளு போட்டுவிட்டு, மீதித் தூளை எருமைத் தொட்டிப் பக்கம் வருகிற பூனைக்குப் போட்டேன். கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய ஆட்கள். அச்சு முறுக்கை உடைத்துக்கொண்டு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மதினி பொரியோடு வந்து மூடியைத் தடவிப் பார்த்தது.

"ஒண்ணே ஒண்ணு மதினி."

"பொரிய உங்க வாயில போடுங்க. எங்க மீனு உபவாசம்."

மில் திறக்கவே இல்லை. ஆனால் தொட்டியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், பம்ப் செட் ரிப்பேர் தெரியுமா என்று கேட்டார். அப்புறம் இன்னொருவர். ஆணியில் கிடந்த சட்டை மறுபடியும் தோளுக்கு ஏறியது.

சனிக்கிழமை மட்டும் எங்கேயும் போக மாட்டார். கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அடியில் லேசாக ஈரம் மட்டும்தான் இருக்கும். "இந்த வாரமும் ஒண்ணுமில்லடி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை மதினி அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பூ எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. அடுப்படியிலிருந்தே, "குழம்புல பல்லி விழுந்துருச்சுங்க" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை.

"அதுக்கும் தீனி எதையும் போட்டுறாத" என்றார்.